எல்லோருக்கும் ஞாபகமிருக்கும் ஆட்டம்

ரக்பியில் அவர் போட்ட ட்ரையை அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரியின் பழைய மாணவர் சங்கக் கூடாரம். முன்வரிசை. நாற்காலியில் 'கௌரவ விருந்தினர்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார்.

மைதானத்தில் இந்த ஆண்டின் ரக்பி இறுதிப் போட்டி. அவருடைய மகன் ரொஷாந் பத்தாம் இலக்கம். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

பார்க்கவிடவில்லை.

"கடைசி நிமிசம். மூண்டு புள்ளி பின்னுக்கு நிக்கிறம்." சங்கத் தலைவர் லோகேந்திரன் எழுந்து நின்று சொன்னார். முப்பது வருடத்துக்கு முந்திய இறுதிப் போட்டி. உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது? கொழும்பு வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேறு. "இவன்ட கையில பந்து. மண்டையில அடிபட்டு அரை மணித்தியாலம். எங்க நிக்கிறானெண்டே ஆளுக்குத் தெரியாது. ஆனா கால் ஓடுது ஐசே, கால்! கோட்டைத் தாண்டிப் பாய்ஞ்சு பந்தை நிலத்தில வைச்சான் பார், ட்ரை!"

போன வருடக் கதையில் அவர் மூன்று பேரை ஏமாற்றிக் கடந்திருந்தார். இந்த வருடம் ஐந்து. இப்படியே போனால் ஓய்வு பெறுவதற்குள் நடுவரையும் வீழ்த்திவிடுவார்.

"எனக்கு முன்னாலதான் வந்து விழுந்தவன்," என்றார் மெல்பேர்னிலிருந்து வந்திருந்த சுகிர்தன்.

அந்த வருடமும் சுகிர்தன் மெல்பேர்னில்தான் இருந்தார். ஆனாலும் கண் கலங்கியது உண்மை.

அந்த அடிக்குப் பிறகு வெளிச்சம் ஆகாது என்று கௌரவ விருந்தினர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். "ஸ்டைலை இன்னும் விடேல்ல, என்ன?"

எல்லோருக்கும் அந்த ஆட்டம் ஞாபகமிருந்தது.

அவருக்கு மட்டும் இல்லை.

அன்று காலையில் சப்பாத்துக் கயிறு கட்டியது தெரியும். அடுத்து, ஆஸ்பத்திரிக் கூரையில் ஒரு மின்விசிறி.

நடுவில் ஒன்றுமில்லை.

அந்த நடுவில்தான் எல்லாம் நடந்ததாம். யாருடைய முழங்காலோ தலையில் இடித்ததாம். பயிற்றுநர் ஒரு போத்தல் தண்ணீரை மேலே ஊற்றி உள்ளே அனுப்பினாராம். ட்ரை. கேடயம். தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். தோளிலிருந்துதான் மயங்கிச் சரிந்தாராம். சந்தோஷத்தில் சரிகிறான் என்று இன்னொரு சுற்றும் ஓடினார்களாம்.

அவருடைய அப்பாவும் வந்திருந்தாராம். பதுளையிலிருந்து இரவு ரயிலேறி. மகன் விளையாடுவதைப் பார்க்க அப்பா வந்தது அந்த ஒருமுறைதான். அடுத்த வருடம் அப்பா இல்லை.

எங்கே நின்றார்? கத்தினாரா? கையை ஆட்டினாரா?

ஒவ்வொரு வருடமும் இந்தக் கூடாரத்தில் கேட்டிருக்கிறார்.

ஒருவரும் பார்க்கவில்லை. பந்து எந்தப் பக்கம் சுழன்றது என்று மட்டும் சண்டை பிடிப்பார்கள்.

மைதானத்தில் தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம்.

பத்தாம் இலக்கம் குப்புறக் கிடந்தது.

கூடாரம் எழுந்தது. "எழும்படா! கொப்பனைப் போல எழும்படா!"

எழுந்தான். ஒரு கையை ஊன்றினான். வெகுநேரம் கழித்து மற்றக் கையை. மைதானமே கைதட்டியது. தட்டத் தட்ட நடந்தான்.

நடந்துபோய் எதிரணியின் வரிசையில் நின்றுகொண்டான்.

கூடாரம் வயிறு குலுங்கச் சிரித்தது.

"அப்பிடியே தேப்பன்தான்!" லோகேந்திரன் அவருடைய முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எல்லைக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்.

நடுவர் விசில் ஊதினார். ஊதட்டும்.

ஊளை கிளம்பியது. கௌரவ விருந்தினருக்குத்தான். "வெளிய வாய்யா! மட்ச் முடியக் கொஞ்ச நேரந்தான் கிடக்கு!"

பந்து காலடியில் கிடந்தது. உதைத்தார். எங்கே போய் விழுந்தது என்று பார்க்கவில்லை.

வெயில் தலைக்குள் ஊசி ஊசியாக இறங்கியது. மகனின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார். அவன் கண்கள் அவர்மேல் நிற்காமல் வழுக்கின. திரும்ப வந்தன.

"அப்பா!" என்றான். அவ்வளவு சந்தோஷமாக. "எப்ப வந்தனீங்கள்?"

காலையில் அவனுடைய சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டவர் அவர்தான்.

 

லோகேந்திரன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்க அவருடைய தோளில் கை வைத்தார்.

"ஒண்டுக்கும் யோசியாதை மச்சான். நாங்கள் எல்லாம் பாத்துக்கொண்டுதானே நிண்டனாங்கள். பிள்ளைக்குப் பிறகு வடிவாச் சொல்லுவம்."

அவர் அந்தக் கையைத் தட்டி எறிந்தார்.

மகனின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்தினார். இறுக்கிப் பொத்தினார். அப்படியே அம்புலன்ஸ் நின்ற பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

கூடாரத்தில் அதற்குள் இந்த ஆட்டத்தையும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.