கூடுதல் முப்பது கிலோ

"புஸ்ஸ்ஸ்…"

சத்தம் கேட்டதுதான் தாமதம், டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கிளாசைப் போட்டுவிட்டு ரோட்டுக்குப் பாய்ந்தார்கள். ஒருத்தர் வேட்டியோடு வாய்க்காலுக்குள் விழுந்தார்.

பக்கத்து சைக்கிள் கடையில் சங்கரலிங்கம் சிரித்தான்.

"வெறும் காத்துய்யா! ஷாக் அப்சர்ல மாட்டுன பம்பைக் கழட்டுனேன். பட்டாசு ஊர்க்காரங்களுக்கு புஸ்ஸுன்னா போதும், குலதெய்வம் ஞாபகம் வந்துரும்."

திரும்பி வந்தவர்கள் அந்த சைக்கிளை முறைத்தார்கள். தடித்த டயர். முன்னாலும் பின்னாலும் அமுங்கிக் கொடுக்கிற ஷாக் அப்சர். விருதுநகரில் யாரோ ஓட்டிச் சலித்த மலையேறும் சைக்கிள். வாங்கியிருப்பவன் முனியராஜ்.

"பட்டாசு ஆலை வெடிச்சுப் பொண்டாட்டி செத்து, கருமாதி ஈரம் காயலை. தொரைக்குக் கரடு ஏறி வெளையாடணுமாக்கும்" என்றார் வாய்க்காலில் விழுந்தவர், அவன் காதுபடவே.

முனியராஜ் சங்கரலிங்கத்திடம் முன்சக்கரத்தைக் காட்டினான்.

"அண்ணே, மேட்டுல முன்சக்கரம் தூக்குது. பின்னால ரொம்ப அமுங்குது. மிதிக்கிற மிதியெல்லாம் வீணாப் போகுது."

"சீட்டை உசத்தி முன்னால தள்ளிருக்கேன். ஏறும்போது இந்த லிவரைப் பூட்டிக்கோ, ஆடாது." சங்கரலிங்கம் பின் ஷாக் அப்சரில் இருந்த ரப்பர் வளையத்தைத் தொட்டான். எவ்வளவு அமுங்கியது என்று காட்டுகிற வளையம் அது. "ஒன் எடைக்குத்தானலே காத்து வச்சேன். வளையம் அடிவரைக்கும் போயிருக்கே? கேரியர்கூட இல்லாத சைக்கிள்ல ஒங்கூட யாரு ஏறுறா?"

முனியராஜ் ஊருக்கு வெளியே இருந்த கரட்டுக் குன்றின் பக்கம் பார்த்தான்.

"இன்னும் முப்பது கிலோ தாங்குற மாதிரி வைங்கண்ணே. எல்லாம் மாரிசெல்விக்காகத்தான்."

மாரிசெல்வி, செத்துப்போன அவன் மனைவி.

அன்றைக்கே தெருவெல்லாம் அதே பேச்சு.

"பொழுது சாய அவன் கரடு ஏறுறப்போ முதுகோட ஒட்டி ஒருத்தி இருக்கா. சேலை பறக்குது. நாயெல்லாம் ஊளையிடுது."

"கம்மாக்கரையில தடத்தைப் பாருங்க. போற தடம் ஆழமாப் பதிஞ்சிருக்கு, வர்ற தடம் மேலாக்க இருக்கு."

"அப்போ கொண்டுபோயி விட்டுட்டு வாரான்."

"அப்புறம் மறுநாளு எப்படி ஏறுறா?"

அன்றிரவு தெருவில் எல்லாரும் கதவைச் சீக்கிரமே சாத்திக்கொண்டார்கள்.

மாரிசெல்வியைப் பெற்ற குருவம்மாளுக்கு இது காதில் விழுந்ததிலிருந்து விளக்கு முன்னால் உட்கார முடியவில்லை. 'முருகா, எம்புள்ளையை ஏம்ப்பா அலையவிடுற?'

வெடிமருந்துத் தட்டைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது. இழுத்தால் உரசும், உரசினால் தீ. ஆலையில் சேரும் அன்றைக்கே சொல்லிக்கொடுப்பது. "நான்தான் அவசரத்துல இழுத்துட்டேன்" என்று, மாரிசெல்வியோடு வேலை செய்து கை வெந்து தப்பித்த பொன்மணியே சொன்னாள். குருவம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். பொன்மணி அன்றே ஊரைவிட்டுப் போனாள். திருப்பூருக்கு என்றார்கள்.

மறுநாள் பொழுது சாயும்போது, முருகன் கோயில் துன்னூற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு குருவம்மாள் கரடு ஏறினாள். உச்சியில் இடிந்த மண்டபத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஒண்டிக்கொண்டாள். காற்று நின்றுபோயிருந்தது.

கிறீச்… கிறீச்…

சைக்கிள் ஏறி வந்தது. முனியராஜின் முதுகில் மஞ்சள் சேலை. பொங்கலுக்கு அவளே மகளுக்கு எடுத்துக்கொடுத்தது. சேலைக்குள் ஓர் உருவம். அதற்குத் தலை இல்லை.

"வந்தாச்சு புள்ள… வந்தாச்சு…"

"ம்" என்றது மண்டபத்து இருட்டுக்குள் ஒரு பெண் குரல்.

குருவம்மாள் மடியிலிருந்து துன்னூறு கொட்டிவிட்டது.

முனியராஜ் சேலை முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு தண்ணீர்க் கேன். அரிசி. தீக்காய மருந்து.

இருட்டிலிருந்து வெளியே வந்தவள் பொன்மணி.

குருவம்மாளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"எம்மகளைக் கொன்னவளுக்கு, எம்மக சேலையிலயே கட்டிச் சொமக்கிறீகளா மருமகனே?"

பொன்மணி வெந்த கையோடு கும்பிட்டாள். "ஆமா அத்தே, நான்தான் தட்டை இழுத்தேன். தூத்துங்க."

"போதும் பொன்மணி" என்றான் முனியராஜ். "அத்தே, தட்டை இழுத்தது ஒங்க மக. ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுனா. செத்தவளை ஊரு ஏசக் கூடாதுன்னு இவ தன் தலையில போட்டுக்கிட்டா. திருப்பூருக்கெல்லாம் போகலை, போக்கிடம் இல்லாம இங்க ஒண்டிக்கிட்டா. வெளிய சொல்ல இவ விடலை, எனக்கும் வாய் வரலை. சொமக்க மட்டுந்தான் முடிஞ்சுது."

குருவம்மாளின் விரல்கள் விரிந்தன. மண் அவள் காலிலேயே உதிர்ந்தது.

காலையில் மூன்று பேரும் சைக்கிள் கடைக்கு வந்தார்கள்.

"ஏத்தா, இவளையா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரீக?" என்றது பெஞ்சு.

"தட்டை இழுத்தது எம்மக" என்றாள் குருவம்மாள், ரோடு முழுக்கக் கேட்கும்படி. "இவ எம்வீட்டுலதான் இருப்பா."

முனியராஜ் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். "அந்த முப்பது கிலோவை எடுத்துருங்கண்ணே."

சங்கரலிங்கம் வால்வை அமுக்கினான். புஸ்ஸ்ஸ்… பெஞ்சு மறுபடியும் ரோட்டுக்குப் பாய்ந்தது. பொன்மணி காதைப் பொத்திக்கொண்டாள்.

குருவம்மாள் அவளை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"பயப்படாத தாயி, வெறும் காத்துதான்."