தனியாக ஒரு கைதட்டல்

ரொசாரியோ வீட்டில் அந்த ஜாஸ் கிட்டார் இசைத்தட்டு சுழலும்போதெல்லாம் எல்லோரும் ஓர் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். கச்சேரி மேடையிலேயே பதிவானது அது. கிட்டார்காரர் நடுவில் சட்டென நிறுத்துகிறார். முடிந்துவிட்டதென்று நினைத்து அரங்கில் ஒரே ஒருவர் கைதட்டிவிடுகிறார். கிட்டார்காரர் சிரித்து, அந்தத் தட்டலின் தாளத்தையே பிடித்துக்கொண்டு மேலே போகிறார்.

"இந்தக் கைதட்டு இல்லேன்னா இந்த ரெக்கார்டே இல்ல. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்!" என்றார் ரொசாரியோ.

அரங்கில் அப்படித் தட்டிய எஸ்தர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் தயாநிதிக்கு மட்டும் தெரியும். இன்றைக்காவது பெருமையாகச் சொல்லிவிடலாமென்று அவன் வாயெடுத்தான்.

எஸ்தர் முந்திக்கொண்டாள். "சத்தத்தைக் கூட்டி அந்த எடத்தை மறுபடி வைங்கண்ணே. தட்டின உடனே பக்கத்து நாற்காலி கூச்சப்பட்டுத் தள்ளிப் போகும்."

ரொசாரியோ ஊசியைத் தூக்கி வைத்தார். கைதட்டல் வந்தது. அதை ஒட்டியே, தரையில் மர நாற்காலியின் கால் இழுபடும் சத்தம்.

"அட, ஆமா! இத்தனை வருஷம் காதுல விழலையே. யாரு அது?"

தயாநிதி அசையவில்லை. அவன் இப்போது உட்கார்ந்திருந்ததும் மர நாற்காலிதான்.