கரும்பலகையில் மழை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கரும்பலகைக் கதை சொல்கிறேன்.

அலுவலகப் பலகையில் தினமும் யாரோ கவிதை எழுதினார்கள். அன்று: "தெருவெல்லாம் கழுவிவிட்டுக் கூலி கேட்காமல் போன மழையே, நன்றி!"

மேனேஜர் குமாஸ்தாமேல் பாய்ந்தார். "உன் வேலைதானே? இன்னியோட வீட்டுக்குப் போ!"

"ஐயோ, எனக்கு லீவு லெட்டரே எழுத வராது சார்!"

மேனேஜர், கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் திரும்பினார். "தினமும் காலையில பலகையை அழிக்கச் சொன்னேனே, அழிக்கிறியா இல்லியா?"

"தவறாம அழிக்கிறேன் சார். அழிச்சாத்தானே அன்னிக்கு உள்ளத எழுத இடம் கிடைக்கும்?"

எழுதுவது அவள்தான் என்று புரிந்ததும் மேனேஜர் கத்தினார்.

"வேலை போயிடும்!"

"போகட்டும் சார். மழைக்கு நன்றி சொல்ல உங்க உத்தரவு எதுக்கு?"

ஈரத்துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கண்ணெதிரே சாக்பீஸை எடுத்து எழுதினாள்: "ஜன்னலில் கூடு கட்டிய குருவியே, நீயும் யாரையும் கேட்கவில்லை. நன்றி!"

உங்கள் வீட்டு ஜன்னலிலும் அந்தக் குருவி கூடு கட்டட்டும், நன்றாயிருங்கள்!