ஓரம் வெட்டிய படம்

கையைக் காணோம்.

கண்ணாடியில் விளக்கு பட்டு மறைக்கிறதோ என்று அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்படி ஒன்றும் மறைக்கவில்லை. படத்தில் அம்மாவின் வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் தங்கநிறச் சட்டம்.

மற்றதெல்லாம் இருந்தது. தலையில் புல்லுக்கட்டு. அதைப் பிடித்திருக்கிற இடது கை. கழுத்துவரை இறங்கிய வியர்வை. புழுதியில் பதிந்த வெறுங்கால்.

கீழே ஒரு அட்டை. 'மண்ணைப் பிரியாத பாதங்கள். முதல் பரிசு.'

அவள் வைத்த தலைப்பு அது இல்லை. 'அம்மா, மேலத்தெருவில்' என்றுதான் எழுதி அனுப்பியிருந்தாள்.

காணாமல்போன அந்தக் கையில் அம்மாவின் செருப்பு இருந்தது.

அதற்காகத்தான் படமே எடுத்தாள். கோழி, குட்டிபோட்ட ஆடு, குழாயடிச் சண்டை, மழைக்கு முந்தின வானம் என்று அவள் போனில் ஊரே கிடக்கும். அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இது அப்படியில்லை. வயலிலிருந்து வீட்டுக்கு வர மேலத்தெரு ஒன்றுதான் வழி. தெருமுனை வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். அவர்கள் சனம் அந்தத் தெருவில் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போடலாம்.

அன்றைக்கு அவள் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று எடுத்தாள். அவளுடைய செருப்பு தோள்பைக்குள் இருந்தது. படித்த பிள்ளை அல்லவா, வெளியே தெரியாமல் கொண்டுபோகத் தெரியும்.

போட்டி நடத்திய புகைப்பட மன்றத்தின் செயலாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"அந்த ஓரத்துல என்னமோ தொங்கிட்டிருந்துச்சும்மா, கண்ணை உறுத்துச்சு. அதை வெட்டிவிட்டதும் பாருங்க, படம் எங்கயோ போயிருச்சு."

உறுத்துச்சாம்.

உறுத்தட்டும் என்றுதானே அனுப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். மறைத்த சோற்றுக்குப் பரிசும் கொடுக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

இன்னும் கேட்டிருப்பாள். அதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். படத்தில் இருக்கிற தாயாரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று அவர்களே சொல்லியிருந்ததால் அம்மாவும் வந்திருந்தாள். விசேஷத்துக்கு உடுத்தும் மாம்பழக் கலர் சேலை. வாசலில் அம்மா பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, "போட்டுக்கிட்டே வாம்மா" என்று அவள்தான் அதட்டிக் கூட்டி வந்தாள்.

மேடையில் அந்தப் படத்தைக் கொண்டுவந்து ஒரு தாங்கியில் நிறுத்தினார்கள். மன்றத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நாமெல்லாம் வீட்டுக்குள்ளகூட செருப்பு போடுறோம். இந்தம்மாவுக்கு மண்ணுதான் செருப்பு."

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் நின்ற மகளுக்கு ஒலிபெருக்கியைப் பிடுங்கி ஒரு பாட்டம் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா மேடைக்கு வந்ததிலிருந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லுக்கட்டைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு கை முடிகிற ஓரத்தை விரலால் ஒருதரம் தடவினாள்.

அந்த வெட்டை அம்மா பார்க்காமலே போயிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள்.

செய்திக்குப் படம் பிடிக்க வந்தவர் கேமராவோடு முன்னால் வந்தார். அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். காலில் வந்து நின்றது பார்வை.

"அந்தச் செருப்ப மட்டும் கழட்டிருங்கம்மா. படத்துல இருக்கிற மாதிரியே நில்லுங்க, நல்லாருக்கும்."

தலைவர் தலையாட்டினார். செயலாளர், "ஆமாமா, அதான் பொருத்தம்" என்றார்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அம்மா குனிந்துவிட்டாள்.

எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. ஒரு கால், மறுகால். இரண்டும் கழன்று வந்தன. ஆனால் அம்மா அவற்றை ஓரமாகத் தள்ளிவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வலது கையில் எடுத்துக்கொண்டாள். படத்தை ஒட்டி, வெட்டுப்பட்ட ஓரத்தின் பக்கமாகப் போய் நின்றாள்.

"அதைக் கீழ வச்சிருங்கம்மா."

"படத்துல இருக்கிற மாதிரிதானய்யா கேட்டீங்க" என்றாள் அம்மா. "அன்னைக்கு இப்புடித்தான் வந்தேன்."

குரலை உயர்த்தவில்லை. ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

கைதட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் நிறுத்தினார். கேமரா தானாகக் கீழே இறங்கியது. செயலாளர் அவசரமாக வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று, செருப்பை வாங்கிக்கொள்வதா, தொடாமல் இருப்பதா என்று தெரியாமல் கையைப் பாதி நீட்டியபடி விழித்தார்.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். எதிரே போய் நின்று போனை எடுத்தாள்.

அம்மா நேராகப் பார்த்தாள். செருப்பைக் கொஞ்சம் உயர்த்தியும் பிடித்தாள்.

அவள் அம்மாவின் வலக்கைப் பக்கம் தாராளமாக இடம் விட்டாள். அந்த இடத்தில் செயலாளரும் அவருடைய பாதிக் கையும் வந்து விழுந்தன.

இருக்கட்டும் என்று எடுத்தாள். அவள் எதையும் வெட்டுவதாக இல்லை.