பனிவண்டியின் சாவி

மூன்றாவது முறையாக விண்ணப்பம் திரும்பி வந்தது. நீதிமன்றக் கவுன்ட்டரில் இருந்த பெண் அதைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"கையெழுத்துக் கட்டத்துல முகவரி எழுதியிருக்கீங்க, சார். முகவரிக் கட்டத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க."

"இந்தக் கட்டத்தையெல்லாம் எறும்புக்கா அச்சடிச்சீங்க?" என்று எரிந்து விழுந்தார் ரெய்னோ. எழுபத்திரண்டு வயது, மர ஆலையில் நாற்பது வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். "என் வண்டிய ஒருத்தன் பிடிச்சு வச்சிருக்கான். வாங்கிக் கொடுங்கன்னு வந்தா, கட்டத்தக் காட்டித் திருப்பி அனுப்புறீங்க."

அந்த ஒருத்தன் இல்மாரி. தண்டர் பே என்ற ஏரிக்கரை ஊரில் அடுத்தடுத்த வீடு. ஐம்பது வருடப் பழக்கம். போன மார்ச்சில் ரெய்னோவின் பனிவண்டியை, பனி மேல் ஓடும் மோட்டார் வண்டியை, பழுது பார்த்துத் தருவதாக எடுத்துப் போனவர், சரிசெய்த கையோடு தன் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டால், "அப்புறம் பாக்கலாம்டா" என்பதோடு சரி.

ஏரி உறைந்ததும் பனி மீது பன்னிரண்டு கிலோமீட்டர் தனியாக ஓட்டிப்போய், தன் மீன்பிடிக் குடிசையில் பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்தால்தான் ரெய்னோவுக்கு உயிர் வரும். மனைவி போன பிறகு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஒருவழியாக வழக்குப் பதிவானது. ஒரு தடவை பனிப்புயலால் தள்ளிப்போனது; இன்னொரு தடவை நீதிபதிக்குக் காய்ச்சல். ஏரி இறுகி, அக்கம்பக்கத்தார் எல்லாம் மீன் சுமந்து திரும்பிக்கொண்டிருந்த ஜனவரியில்தான் விசாரணை வந்தது.

"வண்டி யாரோடது?" என்று நீதிபதி அம்மாள் கேட்டார்.

"அவனோடதுதான், மேடம்," என்றார் இல்மாரி.

"பழுது பாத்த கூலி பாக்கியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் திருப்பிக் கொடுக்கல?"

இல்மாரி ஒரு தரம் ரெய்னோவைப் பார்த்தார். "காரணம் இருக்கு. எல்லார் முன்னாலயும் சொல்ல மாட்டேன்."

"பொறாமை, மேடம். வேற என்ன காரணம்?" ரெய்னோ சீறினார். "இவன் தூண்டில்ல ஒரு மீனும் சிக்காது."

தீர்ப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாவியை இன்றே கொடுக்க வேண்டும். வண்டியை ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

ஜெயித்தும் ரெய்னோவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெளி ஹாலில் பட்டப்பகல் வெளிச்சம். வாசலோரம் இல்மாரியின் நீளப் பச்சைக் கோட்டைக் கண்டதும் நேராகப் போய் எதிரில் நின்றார்.

"பத்து மாசம் என்னை நாயா அலைய விட்டுட்ட. அம்பது வருஷம் கூட உக்காந்து சாப்பிட்டவன் செய்யிற வேலையாடா இது?"

ரெய்னோ இன்னும் ஒரு அடி நெருங்கினார்.

"இப்பவும் வாயத் திறக்க மாட்ட. சரி, சாவியக் கொடு."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

பின்னாலிருந்து யாரோ மெல்ல அவர் தோளைத் தொட்டார்கள். இல்மாரியின் குரல் கேட்டது.

"நான் இங்க இருக்கேன், ரெய்னோ. அது ஆணியில மாட்டின கோட்டு."