வித்தியாவீடு

“தங்கச்சி, ‘வித்தியாவீடு’ன்னா என்ன?”

கிருஷ்ணராஜ் சேர் தம்முடைய பாடசாலையின் பவளவிழா மலரை அச்சகத்து மேசைமேல் விரித்து வைத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அதைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்த நிரஞ்சலா தாங்கியிருப்பாள். தனக்குத்தான் அர்த்தம் தெரியவில்லையோ என்பதுபோல், பாவம், மெதுவாகக் கேட்டார்.

நிரஞ்சலா எட்டிப் பார்த்தாள். ‘தோட்டத் தமிழ் வித்தியாவீடு’ என்று பக்கத்துக்குப் பக்கம் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதாவது பரவாயில்ல. இங்க பாருங்க, ‘அருள்மிகு முத்துமாரியம்மன் ஆவீடு’. கோயில் தலைவரு இதப் பாத்தா எனக்கு வேப்பில அடிப்பாரு,” என்றார் சேர்.

அச்சக முதலாளி ஸரூக் நானா சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். மூலையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த முந்நூறு மலர்களையும் பார்த்ததும் அந்தச் சிரிப்பு தானாகவே போய்விட்டது. விழா நாளை மறுநாள்.

“நீங்க பாத்து சைன் வெச்ச ப்ரூஃப்ல சரியாத்தானே இருந்திச்சு சேர்?”

“இருந்திச்சு நானா. அதுக்குப் பொறகு யாரோ கை வெச்சிருக்காங்க.”

“நம்ம புள்ள அப்பிடிச் செய்யாது சேர். இது கம்ப்யூட்டர் தானாச் செய்ற வேல. பேருக்கு முன்னால ஒரு அடையாளம், முகவரிக்கு முன்னால ஒரு அடையாளம்னு போட்டு விட்டாப் போதும். அதுவே எழுத்தப் பெருசாக்கி, பக்கம் பிரிச்சு, அறுபத்துநாலு பக்கத்தையும் ரெண்டு நிமிஷத்துல கட்டிப்போடும். என்ன மகள், கம்ப்யூட்டர் கோளாறுதானே?”

“ஆமாங்க நானா. கோளாறுதான்.”

சொன்ன வாய் கூசியது. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது. ‘லயம் என்று எங்கே கண்டாலும் வீடு என்று மாற்று’ என்று கடைசி நேரத்தில் ஒரு வரியைச் சேர்த்தவள் அவள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளுக்குத்தான் லயம் என்று பேர். வித்தியாலயத்துக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் ஒரு லயம் இருக்கிறது என்பது அந்த அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

மலரின் பின்பாதி முழுக்கப் பழைய மாணவர் பட்டியல். நூற்றிருபது பேர். அதில் தனக்கு வேண்டிய ஒருவரும் பேர் கொடுத்திருப்பதாக அவளுக்கு ஃபோனில் தெரியவந்தது. அந்த முகவரி நானாவின் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் இவ்வளவும். பண்டாரவளை டவுன்தான் சொந்த ஊர் என்று சொல்லி இந்தப் பதுளை அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. லயத்துப் பெண் என்று தெரிந்தால் நானா ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டார். அது தெரிந்தும் வெட்கம் அவளை விடவில்லை. வேறொருவர் டைப் அடித்துக் கொடுத்திருந்த பட்டியலில் அந்தப் பக்கத்தை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றையும் பார்க்கத் தேவையில்லை என்பதுதானே அந்த முறையின் சுகம்.

“லயத்த எடுத்துட்டா அப்புறம் இந்த மலர்ல என்ன இருக்கு நானா?” என்றார் சேர். “எந்த லயத்துல பொறந்தோம்னு எல்லாரையும் எழுதச் சொன்னதே நான்தான். கொழும்புல பெரிய டொக்டரா இருக்கறவரு ‘மூணாம் இலக்க லயம்’னு சந்தோஷமா எழுதிக் குடுத்தாரு. உங்க கம்ப்யூட்டரு அவருக்கு வீடு கட்டிக் குடுத்துருச்சு. கவர்மெண்டாலயே முடியாத வேல!”

“நான் திருப்பி அடிச்சுத் தாரேன் சேர். மனசு வருத்தப்படாதீங்க.”

“அடிங்க. ஆனா இனி மெஷின நம்ப மாட்டேன். அவங்க எழுதிக் குடுத்த ஃபோர்ம நான் வாசிக்கிறேன், தங்கச்சி ஸ்கிரீன்ல பாத்துச் சரி சொல்லட்டும்.”

நிரஞ்சலா அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் அழித்தாள். இரண்டே நிமிஷத்தில் எல்லா லயங்களும் திரும்பி வந்துவிட்டன. நானாவும் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இனி ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

“ரெங்கம்மா, ரெண்டாம் இலக்க லயம்.”

“சரி சேர்.”

“விஜயலெட்சுமி, பத்தாம் இலக்க லயம்.”

“சரி சேர்.”

அடுத்த படிவத்தை எடுத்தவர் வாசிக்காமல் கொஞ்சம் நிறுத்தினார்.

“இவரு ஒருத்தருதான் லயம் போடல. மொதல்ல எழுதிட்டு, பொறகு தெரியாம இருக்கப் பேனையால நல்லாக் கிறுக்கியிருக்காரு.”

திரையில் ஒரு பேர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே முகவரி வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அவளுடைய வரிக்கு அங்கே மாற்றுவதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

“ஏனாம் சேர்?” என்றார் நானா.

“நானும் கேட்டேன். ‘எம்மக பதுளையில கௌரவமான வேலையில இருக்குதுங்க. இந்தப் பொஸ்தகம் நாளைக்கு யாரு கைக்காவது போனா அது தலகுனிஞ்சு நிக்கும். லயம் வேணாங்க, பேரு மட்டும் போதும்’னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் ஒரு மாதிரியாப் போச்சு.” சேர் பெருமூச்சு விட்டுப் படிவத்தைப் புரட்டினார். “சரி, அவரு இஷ்டம். கந்தப்பன், முகவரி இல்ல. சரியா தங்கச்சி?”

நானா முன்னால் குனிந்து நிரஞ்சலாவின் முகத்தைப் பார்த்தார்.

“சரியில்ல சேர்,” என்றாள். “ஏழாம் இலக்க லயம்னு போடணும். அது எங்க அப்பா.”