காலி டிஸ்க்கின் மானம்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் குணசீலனின் மேசையில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று திணறிக்கொண்டிருந்தது. அது நின்றுபோவதற்குள் அதிலிருந்த கல்யாணங்களை எல்லாம் புதிய டிஸ்க்குக்கு மாற்றியாக வேண்டும். ஆனால் அனுப்பிய ஒவ்வொரு வீடியோவும் பாதி வழியில் திரும்பி வந்தது.

“கேபிள் சரியில்லை” என்றது புதிய டிஸ்க்.

குணசீலன் வேறு கேபிள் மாட்டினார். அப்போதும் திரும்பி வந்தது.

“இதுவும் மட்டமான கேபிள்தான்.”

இரண்டாவது கேபிளுக்குச் சுருக்கென்றது. “அண்ணாச்சி, உங்க உள்ளே ஊரே படுக்கலாம். வாசல்தான் பூனை நுழையற அளவுக்கு இருக்கு. ஒரு தடவை ஃபார்மேட் பண்ணிக்கிட்டா எவ்வளவு பெரிய வீடியோவும் நுழைஞ்சிடும்.”

“ஃபார்மேட்டா? என்கிட்ட இருக்கிறதெல்லாம் அழிஞ்சுபோயிடுமே!”

“உங்ககிட்ட என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லதான். அதுக்காக அழிக்க விட்டுடுவேனா?”

இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பழைய டிஸ்க் ‘டிக், டிக்’ என்றது. பிறகு சத்தமே இல்லை.

“இத்தனை பெண் வீட்டாருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?” என்று குணசீலன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதிய டிஸ்க் கேபிளிடம் சொன்னது: “இது இப்படிப் போய்ச் சேரும்னு எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் எதையும் உள்ளே விடலை.”